குண்டுமல்லிக்கு மருந்து வாங்குமுன்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற வல்லம் ஒன்றியத்து ஊர்களில் கொல்லையில் மல்லாட்டை (வேர்க்கடலை), வாசலில் ஒரு குண்டுமல்லி, தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு செம்பருத்தி என்பது பழகிய காட்சி. பூச்செடியில் புழுவைப் பார்த்ததும் பலர் செய்வதும் பழகியதுதான். கொல்லைக்கு வாங்கி மீந்த மருந்தை எடுத்து, மூடியால் அளந்து, அப்படியே அடித்துவிடுவார்கள். மறுநாள் அந்தப் பூ வீட்டுப் பிள்ளையின் தலையில் ஏறும். செம்பருத்தி என்றால் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவார்கள், சிலர் இதழை அப்படியே மென்று தின்பார்கள். பயிருக்கு என்று விற்கிற மருந்தை வாசல் செடிக்கு அடிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்த அத்தியாயம் ஐந்தாறு பூச்செடி வைத்திருப்பவருக்கு. ஏக்கர் கணக்கில் மல்லி போட்டவர்களின் கணக்கு வேறு.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் பார்ப்பது, அடுத்து கையால் எடுப்பது, பிறகு தண்ணீர், பிறகு மண், கடைசியில்தான் கரைசல். பாதிப் பேர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். வேப்பெண்ணெய் அடித்தும் கேட்கவில்லை என்று சொல்லும் செடிகளில் பெரும்பாலும் முதல் நான்கும் நடந்திருக்காது.

எது வந்திருக்கிறது என்று பாருங்கள்

காலையில் அரும்பு பறிக்கும்போதே பார்த்துவிடலாம். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

*அரும்பில் ஓட்டை, ஓட்டை வாயில் பச்சைத் துகள், இரண்டு மூன்று அரும்புகளை மெல்லிய நூலால் கட்டினாற்போல் ஒட்டல்:* மொட்டுப்புழு. அரும்பைப் பிரித்தால் கருப்புத் தலையும் வெளிறிய உடம்புமாக ஒரு சின்னப் புழு உள்ளே இருக்கும்.

*அரும்பின் அடி வீங்கி, நிறம் ஊதாவாக மாறி, வளராமல் காய்ந்து உதிர்வது:* மொட்டு ஈ. வெளியே ஓட்டை எதுவும் தெரியாது. அதனால்தான் பலர் இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கொட்டுகிறார்கள். சந்தேகம் இருந்தால் ஓர் ஊதா அரும்பை நகத்தால் நீளவாக்கில் கீறி, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளையாக, நூல் துண்டு அளவில் புழுக்கள் நெளியும். முற்றிய புழு உடம்பை வளைத்துத் துள்ளும். துள்ளுவது மண்ணுக்குப் போவதற்காக. இதை நினைவில் வையுங்கள், வைத்தியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

*இலையில் ஊசி குத்தினாற்போல் மஞ்சள் புள்ளி, அடியில் மெல்லிய வலை:* செம்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடக்க ஆரம்பித்தால் பேன்தான்.

*இலையிலும் இளம் தண்டிலும் வெள்ளை வெல்வெட்டு போன்ற ரோமம்:* இதுவும் பேன் வேலை, ஆனால் வேறு இனம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. சாம்பல் நோய் என்று ஏமாறுவது சகஜம். விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நோய் மாவாக விரலில் ஒட்டும், ரோமம் ஒட்டாது.

*மழைக்காலத்தில் இலைகள் வலையால் பின்னி, நரம்பு மட்டும் மிஞ்சுவது:* இலைப்பிணைப்புப் புழு. கையால் பிய்த்தெடுத்தால் முடிந்தது. இதற்கு மேல் இங்கே எழுத ஒன்றுமில்லை.

மொட்டுப்புழுவுக்கும் மொட்டு ஈக்கும்: மண்ணை மறக்காதீர்கள்

இரண்டுமே செடியில் தின்றுவிட்டு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகின்றன. செடிக்கு எவ்வளவு தெளித்தாலும் அடியில் இருக்கும் மண்ணிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்பி வரும். மொட்டு ஈக்கு முட்டையிலிருந்து மறுபடி ஈயாக மூன்று நான்கு வாரம் ஆகும். ஆகவே கீழே சொல்லும் வேலையைக் குறைந்தது நான்கு வாரம் விடாமல் செய்தால்தான் சங்கிலி அறும். ஒரு வாரம் செய்து விட்டுவிட்டால் செய்யாததற்குச் சமம்.

1. கெட்ட அரும்பு எல்லாவற்றையும் பறியுங்கள். ஊதாவானது, வீங்கியது, ஓட்டை விழுந்தது, ஒட்டிக்கொண்டது என ஒன்றையும் விடாதீர்கள். நல்ல அரும்பு பறிக்கும் அதே நேரத்தில், இடுப்பில் இரண்டாவது பை ஒன்றைக் கட்டிக்கொண்டு செய்யலாம்.
2. செடிக்கடியில் உதிர்ந்து கிடப்பதைக் கூட்டி எடுங்கள். புழு உள்ளே இருக்கும்போதே எடுத்தால்தான் பலன், ஆகவே தினமும்.
3. எடுத்ததைச் சோப்புத் தண்ணீர் வாளியில் ஒரு நாள் ஊறப் போடுங்கள். அல்லது கருப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மொட்டை மாடி வெயிலில் நான்கைந்து நாள் வையுங்கள்.
4. செடியைச் சுற்றி, கிளை பரவிய அளவுக்கு, மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் கொத்திக் கிளறுங்கள். வாரம் ஒரு முறை, காலையில். கூட்டுப்புழு வெயிலில் காயும், மிச்சத்தை மைனாவும் கோழியும் பார்த்துக்கொள்ளும். வேர் மேலாக ஓடும் செடி, அதனால் ஆழமாகக் கொத்த வேண்டாம்.
5. கிளறிய மண்ணில் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிப் போட்டு, மண்ணோடு கலந்து, தண்ணீர் விடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: பறித்த அரும்பை எருக்குழியில் போடுவது. குழியின் ஓரம் ஈரமும் நிழலுமாக இருக்கும். புழுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. எல்லாம் முடிந்து நன்றாக மட்கிய பிறகு போடலாம்.

குறிப்பு: மல்லாட்டைத் தோலை மூடாக்காகப் போடும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. கோடையில் ஈரம் காக்க அது நல்ல பழக்கம்தான். ஆனால் மொட்டு ஈ இருக்கும் நான்கு வாரமும் மூடாக்கை விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மண்ணைக் கிளற முடியாது.

இந்த மொட்டு ஈ நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. ஹவாய்த் தீவுகளில் மாலை கட்ட நம் குண்டுமல்லியையே வளர்க்கிறார்கள், அங்கே பிக்காக்கே என்று பெயர். அங்கும் இதே ஈதான் தொல்லை, அங்கும் கெட்ட அரும்பைப் பறித்து அழிப்பதுதான் முதல் பாடம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஐரிஸ் பூச்செடி வளர்ப்பவர்களுக்குத் தண்டும் கிழங்கும் துளைக்கும் புழு ஒன்று இருக்கிறது. அதன் முட்டை குளிர்காலம் முழுவதும் காய்ந்த இலையில் தங்கும். அவர்களும் மருந்தை எடுப்பதற்கு முன் சருகைத்தான் கூட்டுகிறார்கள். ஊர் வேறு, செடி வேறு, வேலை ஒன்றுதான்.

செம்பேனுக்குத் தண்ணீர்

பங்குனி முதல் கத்திரி முடியும் வரை இதன் காலம். புழுதி பறக்கும் தெருவோரச் செடியில் அதிகம் வரும். பேனுக்கு வறட்சியும் தூசியும் பிடிக்கும், ஈரம் பிடிக்காது.

1. காலை 8 மணிக்குள், ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அடைத்து, இலையின் அடிப்பக்கத்தில் விசையாகத் தண்ணீர் அடியுங்கள். மேலே அடித்தால் இலை கழுவப்படும், பேன் அப்படியே இருக்கும்.
2. ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம்.
3. வலை அடர்ந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.
4. அதற்கும் அடங்காவிட்டால் பின்னால் சொல்லும் வேப்பெண்ணெய்க் கரைசலை, மாலையில், இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்.

நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிப்பதும் இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் கந்தகமும் எண்ணெயும் சேர்ந்தால் இலை கருகும். ஒன்றை அடித்தால் மற்றதற்கு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். உச்சி வெயில் காலத்தில் கந்தகத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. என் கருத்தில், இரண்டு செடிக்குக் கந்தகம் தேவையில்லை. தண்ணீரை ஒழுங்காக அடித்தாலே போதும்.

வெள்ளை ரோமப் பேனுக்குத் தண்ணீர் கேட்காது. ரோமம் தெரியும் கிளையைக் கணுவுக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். கத்தரியை அடுத்த செடிக்குக் கொண்டுபோகுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

செம்பருத்தி மாவுப்பூச்சி: அடிக்குமுன் ஒரு நிமிடம்

நுனி சுருண்டு, வெள்ளைப் பஞ்சு அடைத்தாற்போல் இருந்தால் மாவுப்பூச்சி. இதில் நன்மை செய்யும் பூச்சியைக் கொன்றுவிடும் ஆபத்து மற்றவற்றைவிட அதிகம்.

மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது, கிரிப்டோலேமஸ் என்று பெயர். வளர்ந்த வண்டு கருப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு. சிக்கல் அதன் குஞ்சில் இருக்கிறது. அதன் உடம்பு முழுவதும் வெள்ளை மெழுகு இழை தொங்கும், பார்க்கப் பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். வேறுபாடு நடையில் தெரியும். மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே கிடக்கும், நகர்ந்தாலும் ஊர்ந்து ஊர்ந்துதான். வண்டின் குஞ்சு உருவில் பெரிதாக, இழை நீளமாக, சுறுசுறுப்பாக ஓடும். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஓடுகிறவை நான்கைந்து இருந்தால் அந்தச் செடிக்கு எதையும் அடிக்காதீர்கள், வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அவை இல்லையென்றால்:

1. சுருண்ட நுனிகளை வெட்டி நேரே சோப்பு வாளிக்குள் போடுங்கள். தோட்டம் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் விதைத்ததாகும்.
2. எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி விடும் தேன் போன்ற திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சிகளை விரட்டும். அடித்தண்டில் ஒரு சாண் அகலத்துக்குத் தாளைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவ வேண்டாம். பக்கத்துச் சுவரையோ செடியையோ கிளை தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியில் வரும், கிளையை வெட்டிவிடுங்கள்.
3. விசையாகத் தண்ணீர் அடியுங்கள்.
4. மறுநாள் மாலை வேப்பெண்ணெய்க் கரைசல். மாவுக்கு உள்ளே நனைய வேண்டும். ஏழு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை.

2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்தபோது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என எதையும் விடவில்லை. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற மிகச்சிறிய குளவியை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அதன் பிறகுதான் அந்தப் பூச்சி கட்டுக்குள் வந்தது. உங்கள் செடியில் பழுப்பாக உப்பி, முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்த மாவுப்பூச்சிகள் கிடந்தால், ஏதோ ஒரு குளவி வந்து போயிருக்கிறது. அப்போதும் கரைசல் பாட்டிலைக் கீழே வையுங்கள்.

இரண்டு கரைசல் போதும்

இணையத்திலும் பக்கத்து வீட்டிலும் இருபது கரைசல் சொல்வார்கள். வாசல் செடிக்கு இரண்டே போதும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் (2 லிட்டர்)

1. ஓடு நீக்கிய வேப்பம் பருப்பு 100 கிராம் எடுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக நைசாக அரைத்தால் வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும்.
2. ஒரு துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள்.
3. காலையில் முடிச்சைப் பிழிந்து பிழிந்து எடுங்கள், சாறு பால் நிறத்தில் வரும்வரை.
4. இரட்டையாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, மொத்தம் 2 லிட்டராகத் தண்ணீர் சேருங்கள்.
5. காதி சோப்பைத் துருவி ஒரு டீஸ்பூன், வெந்நீரில் கரைத்து, ஆறவைத்துச் சேருங்கள்.
6. அன்று மாலையே தெளித்து முடியுங்கள். மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

கொட்டையின் வயதும் முக்கியம். பொறுக்கி மூன்று மாதம் ஆகாததிலும், எட்டு மாதம் தாண்டியதிலும் வீரியம் குறைவு. ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, சதை கழுவி, நிழலில் காயவைத்தால் ஐப்பசியிலிருந்து மாசி, பங்குனி வரை நன்றாக வேலை செய்யும். வெயிலில் காயவைத்தால் சத்து போய்விடும். கோடையில், அதாவது மல்லி கொட்டிப் பூக்கிற நேரத்தில், கொட்டை பழசாகியிருக்கும். அப்போது எண்ணெய்க்கு மாறிக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய்க் கரைசல் (1 லிட்டர்)

1. சோப்புத் துருவல் ஒரு டீஸ்பூன், அரை டம்ளர் வெந்நீரில் கரையட்டும்.
2. அது ஆறியதும் வேப்பெண்ணெய் இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி, விட்டு வெள்ளையாகக் கலங்கும்வரை அடித்துக் கலக்குங்கள்.
3. இதற்குப் பிறகுதான் மிச்சத் தண்ணீர்.
4. தெளிக்கும்போதும் இடையிடையே குலுக்குங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: தண்ணீரில் நேராக எண்ணெயை விடுவது. எண்ணெய் மிதக்கும். பாட்டில் முடியும் தறுவாயில் வெறும் எண்ணெய் வந்து இலையைப் பொசுக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரியும், மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள். சாம்பல் தண்ணீரோடும் சுண்ணாம்போடும் வேப்பச் சாற்றைக் கலக்காதீர்கள், அதன் சத்து முறிந்துபோகும்.

எந்தக் கரைசலாக இருந்தாலும் முதலில் ஒரு கிளைக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல் முழுச் செடிக்கும் அடிக்கலாம். அதற்கு முன் பறிக்க வேண்டிய அரும்பைப் பறித்துவிடுங்கள். மறுநாள் அரும்பில் வேப்ப வாடை இருக்கும், அதைப் பறித்துக் கழித்துவிடுவது நல்லது. 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. நடுவில் மழை பெய்தால் மீண்டும் ஒருமுறை.

இயற்கை என்றாலும் விஷம் விஷம்தான்

புகையிலைக் கரைசலை இந்த நூலில் சொல்லவில்லை, காரணத்தோடுதான். புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். தலையில் வைக்கும் பூவுக்கு அது வேண்டாம். ஐந்திலைக் கரைசலில் ஊமத்தை, அரளி போன்றவற்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் நடமாடும் வாசலில் அதுவும் வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

- வேப்பெண்ணெய் சிறு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். மருந்தாகக்கூடக் கொடுக்காதீர்கள். பூட்டி வைக்கும் அலமாரியில் வையுங்கள்.
- எந்தக் கரைசலையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வெளியே பெரிதாக எழுதி ஒட்டிய தனி டப்பா வேண்டும்.
- சமையல் மிக்சி, அளக்கும் டம்ளர், ஸ்பூன் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். தோட்டத்துக்கு என்று தனியாக ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள்.
- பூண்டு, பச்சை மிளகாய் கரைசல் செய்ய ஆசைப்பட்டால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று தெளியுங்கள்.
- கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.
- சாப்பிடும் செம்பருத்திக்குத் தெளித்தால் மூன்று நாள் பூவைத் தொடாமல் இருங்கள். பிறகும் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆண்டு முழுவதும்

*கார்த்திகை:* நவம்பர் கடைசி வாரம் குண்டுமல்லியைக் கவாத்து செய்யுங்கள், தரையிலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு. மழை விடாமல் பெய்தால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். வெட்டிய குச்சியும் இலையும் செடிக்கடியில் கிடக்கக் கூடாது. ஒரே நாளில் அகற்றிவிடுங்கள், பேனும் புழுவும் அதோடு போகும்.

*தை, மாசி:* துளிர் வரும். மண் கிளறல், வேப்பம் புண்ணாக்கு.

*பங்குனி முதல் ஆனி வரை:* பூக்காலம். கெட்ட அரும்பு பொறுக்கல் தினமும், தண்ணீர் அடித்தல் வாரம் இருமுறை, பேன் தென்பட்டால் முன்பு சொன்ன கணக்கு.

*ஐப்பசி மழை:* கிளைகளுக்கு நடுவே காற்று புகும்படி காய்ந்ததை நீக்குங்கள். மழை பெய்யும் வாரத்தில் எதையும் தெளித்துப் பயனில்லை.

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் அரும்பு உதிர்வது குறையவில்லை என்றால் கடைக்காரரிடம் போய் மருந்து கேட்காதீர்கள். பாதித்த ஒரு கொத்தை அரும்போடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அன்றைக்கே திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். பொருள் கையில் இல்லாமல் வாயால் விவரித்தால் எந்த நிபுணரும் ஊகித்துத்தான் சொல்ல முடியும். போகுமுன் என்ன அடித்தீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஆனி பிறந்ததும் மரத்தடியில் இரண்டு மூன்று படி வேப்பங்கொட்டை பொறுக்கி வைக்கவும் மறக்காதீர்கள்.